கதவு அரை நிமிடம், கம்பானியன் ஆறு வாரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பாட்டுக்குப் பிறகும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற சால்ட் லேக் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மார்மன் மிஷனரிப் பிள்ளையை அதிகம் சோதிப்பது மூடுகிற கதவா, கூடவே வருகிற துணையா?" இதுதான் தலைப்பு. துணையே என்பது எங்கள் கட்சி. மார்மன் என்பது நம் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவச் சபை; மிஷனரி என்றால் வீடு வீடாகப் போய் அந்தச் சபையின் நம்பிக்கையைச் சொல்கிற ஊழியர். யூட்டாவில் குடியிருக்கிற நமக்கு இந்தப் பிள்ளைகள் புதிதில்லை. நம் தெருவிலேயே யாராவது ஒருவர் வீட்டுப் பையன் ஊழியத்துக்குப் போயிருப்பான், இல்லையென்றால் போய்விட்டு வந்திருப்பான். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பையனுக்கு இரண்டு ஆண்டு, பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த ஊர் என்பதைச் சபை முடிவு செய்யும், செலவு பையனோடதும் வீட்டோடதும். இங்கிருந்து போகிறவர்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும் என்று 2020லிருந்து வைத்திருக்கிறார்கள். ஆக, எந்தச் சோதனையாக இருந்தாலும் கைக்காசு போட்டு வாங்கிய சோதனை.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கதவுக்காக உருகினார். மழையில் நனைந்தபடி தட்டுகிறான், படாரென்று சாத்துகிறார்கள்; சைக்கிளை நாய் துரத்துகிறது; வரச் சொல்லி நேரம் கொடுத்த குடும்பம் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றார். எல்லாம் நடக்கிறதுதான். விளக்கை அணைத்துவிட்டு உட்காரும் வித்தையை அவர் இவ்வளவு நுணுக்கமாக விவரித்ததில்தான் எனக்கு லேசாகச் சந்தேகம்.

முதல் வாரம் கதவு வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதவு சாத்த எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அந்தக் கதவு அவனோடு வீட்டுக்கு வராது. ராத்திரி குறட்டை விடாது. காலையில் அவனுக்கு முன்னால் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாது.

துணை அப்படி இல்லை, நடுவர் அவர்களே. அவர்கள் பேச்சில் கம்பானியன். எந்நேரமும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் மற்றவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை போல ஒன்றிரண்டுக்குத்தான் விலக்கு. தூக்கம் ஒரே அறையில், கட்டில் மட்டும் தனி. ஒருவன் சைக்கிள் பஞ்சர் என்றால் இருவரும் நடை. ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இருவருக்கும் வீட்டுக்காவல்!

சரி, இந்தத் துணையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர். இருபது வயதுப் பையன் ஒருவன், இன்னொருவனைப் பெண் பார்க்கும் சடங்குகூட இல்லாமல் கட்டிக்கொண்ட கதைதான் இது. நமக்காவது பஜ்ஜியும் சொஜ்ஜியும் கிடைத்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். ஜோடி பிரியலாம், பிரியாமலும் போகலாம். அதுவும் இவன் கையில் இல்லை.

வயதையும் பாருங்கள். பையன்கள் 18 வயதிலேயே போகலாம் என்று 2012ல் மாற்றினார்கள். முட்டை வேகவைக்கத் தெரியாத இரண்டு பேரை ஒரு சின்ன அடுக்ககத்தில் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும்? ஒருவன் ஆறு மணிக்கே எழுந்து பாட்டுப் பாடுவான், மற்றவனுக்கு ஆறரை மணி அலாரம் நாலு தடவை அடித்தாலும் காது கேட்காது. சிங்க்கில் கிடக்கும் கிண்ணம் யாருடையது என்பதில் ஆரம்பிக்கும். 'நேற்று அந்த வீட்டு வாசலில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஏன் குறுக்கே பேசினாய்?' என்பதில் போய் நிற்கும்.

இதில் புதிதாக வந்தவனுக்குக் கிரீனி என்று பெயர். வீட்டு நினைப்பிலேயே நாளை ஓட்டுகிறவனை டிரங்கி என்பார்கள். மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டவன் என்று பொருள். ஒரு கிரீனியையும் ஒரு டிரங்கியையும் ஜோடி சேர்த்துத் தெருவில் விட்டுப் பாருங்கள். "இந்தத் தெரு முழுக்கத் தட்டிவிடலாம்" என்கிறான் இவன். "நீ தட்டு, நான் நிற்கிறேன்" என்கிறான் அவன். கதவு திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்க்கிறார். ஒருவன் முகத்தில் நூறு வாட் சிரிப்பு, இன்னொருவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். பாட்டி கதவைச் சாத்துகிறார். எதிரணி இதையும் கதவுக் கணக்கில் எழுதிக்கொள்ளும். உண்மையில் சாத்த வைத்தது யார்?

அப்புறம் ஒரு வழக்கம் உண்டு. அதைத்தான் நடுவர் அவர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு இல்லை, மனக்கணக்கு. நம் ஜோடி எப்படிப் போகிறது, உனக்கு என்னிடம் என்ன குறை, எனக்கு உன்னிடம் என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம் ஆன நாமெல்லாம் இதைச் செய்யத் துணிவோமா? முன்வரிசையில் அண்ணி சிரிக்கிறார், அண்ணன் சிரிக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒருவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டையின் முனையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டே, "நீ சாப்பிடும்போது சத்தம் வருகிறது" என்று சொல்கிறான். எதிரே இருப்பவன் கோபப்படக்கூடாது. நன்றி சொல்லிவிட்டுத் தன் பட்டியலை எடுக்க வேண்டும். பிறகு இருவரும் முழங்காலிட்டு ஜெபம் செய்துவிட்டு, ஒன்றாகவே கிளம்ப வேண்டும். எந்தக் கதவாவது இந்த வேலை வாங்குமா?

வீட்டுப் பிரிவுதான் பெரிய சோதனை என்றும் எதிரணியில் ஒருவர் தொட்டுவிட்டுப் போனார். முன்பெல்லாம் வீட்டோடு பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம். துணி துவைத்து, மளிகை வாங்கி, முடி வெட்டிக்கொள்ளும் அந்த ஓய்வு நாளில் அம்மாவை வீடியோவில் கூப்பிடலாம். நல்ல மாற்றம். ஆனால் அம்மா கேட்கும் முதல் கேள்வி என்ன? "கூட இருக்கிற பையன் எப்படி?" இவன் என்ன சொல்வான்? அந்தப் பையன் மூன்றடி தள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான்! "ரொம்ப நல்லவன்மா." அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எதிரணித் தலைவர் வரலாற்றுக்குப் போனார். 1837ல் இந்தச் சபையின் ஆரம்பகால மிஷனரி ஹீபர் கிம்பாலின் குழு இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் கால் வைத்தபோது வாசலெல்லாம் திறந்திருந்தது, இன்றைய பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் அடைபடுகிறது என்றார். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டாரே! அந்தக் குழுவில் ஜோசப் ஃபீல்டிங் என்று ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தச் சகோதரர் ஜேம்ஸ் ஃபீல்டிங் என்பவர் பிரெஸ்டனில் வாக்ஸால் ஆலயத்தின் போதகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்குப் பிரசங்க மேடையைத் திறந்துவிட்டார். தன் சபையார் இவர்கள் பக்கம் சாய்கிறார்கள் என்று தெரிந்ததும் மேடையை மூடிவிட்டார். கூடப்பிறந்தவரே மூடிய கதவு அது. அதனால் ஊழியம் படுத்ததா? இல்லை. வீடுகளில் கூட்டம் போட்டார்கள். ஜூலை 30ஆம் தேதி ரிபிள் ஆற்றில் 9 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யார் முதலில் முங்குவது என்று ஓட்டப்பந்தயமே நடந்தது. ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தார். கதவு சாத்தினால் பக்கத்து வாசல் இருக்கிறது, ஆறு இருக்கிறது. துணையோடு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே போவது?

"சபையின் ஆரம்பகாலத் தலைவர் பிரிகாம் யங்கும் கிம்பாலும் எப்படி இருந்தார்கள்? 1839ல் இருவரும் காய்ச்சலோடு, படுத்திருந்த மனைவிகளை விட்டுவிட்டு, வண்டியில் எழுந்து நின்று உற்சாகக் குரல் கொடுத்தபடி ஒன்றாகக் கிளம்பவில்லையா? துணை பலம்தானே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் இருவரும் சபையில் சேர்வதற்கு முன்பிருந்தே நண்பர்கள், ஐயா. நண்பனோடு காய்ச்சலில் போவது ஒன்று. முன்பின் தெரியாதவனோடு நல்ல உடம்போடு ஓர் அறையில் கிடப்பது வேறு. இன்றைக்கும் துணையாகப் போனவர்கள் பலர் ஆயுள் முழுக்க நண்பர்களாக இருக்கிறார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். சோதிப்பவன் நல்லவனா கெட்டவனா என்பது இன்று தலைப்பில்லையே!

ஊழியம் முடித்து வந்த பையனிடம் நாய் துரத்திய கதையைக் கேட்டுப் பாருங்கள். எழுந்து நின்று நடித்தே காட்டுவான். "உன் கம்பானியன் எப்படி?" என்று கேளுங்கள். ஒரு நொடி வாசலைப் பார்ப்பான், "எந்தக் கம்பானியன்?" என்பான். அந்த ஒரு நொடியைத்தான் நான் சாட்சியாகக் கொண்டுவருகிறேன்.

இருவர் இருவராகப் போவது வேதத்தில் உள்ள முறை என்பதால்தான் இவர்களும் அப்படிப் போகிறார்கள். அதே வேதத்தில், அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில், பவுலும் பர்னபாவும் என்ன ஆனார்கள்? எத்தனையோ ஊரில் கதவு சாத்தினார்கள், கல்லால்கூட அடித்தார்கள். அதிலெல்லாம் அந்த ஜோடி பிரியவில்லை. மாற்கு என்பவரை அழைத்துப்போவதா வேண்டாமா என்று தங்களுக்குள் சண்டை வந்தது, பிரிந்தே போனார்கள். பர்னபா கப்பலேறிச் சீப்புரு தீவுக்குப் போனார், பவுல் வேறு துணையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வேறு வழி போனார். அப்போஸ்தலருக்கே அந்த வசதி தேவைப்பட்டது. நம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது கிடையாது, நடுவர் அவர்களே. அவனுக்கு அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.