ஈறுகளில் கசியும் ரத்தமும் சர்க்கரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பல் துலக்கித் துப்பும் நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் குழாயைத் திறந்து கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல்வலி என்றால் நடுராத்திரியிலும் கிராம்பைத் தேடுகிறோம். ஈறு நோய் அப்படி வலிப்பதில்லை. வலிக்காமலேயே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஈறு சிகிச்சை மருத்துவர் என்ற முறையில் எங்கே பேசப் போனாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன்: நலமாக இருக்கும் ஈறு, துலக்கினால் ரத்தம் கசியாது.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். கொய்யாப்பழத்தைக் கடித்தால் வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பாகிவிடுகிறது என்றார். அந்த அம்மா கையோடு சர்க்கரை ஃபைலையும் கொண்டுவந்திருந்தார். மாத்திரை தவறவில்லை, சோற்றைக் குறைத்தாயிற்று, தினமும் நடக்கிறார். ஆனாலும் HbA1c என்கிற, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கவில்லை. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைக் கண்ணாடியில் காட்டினேன். பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் மஞ்சள் காரை படிந்திருந்தது. ஈறு வீங்கி, தொட்டாலே கசிந்தது.

"ஐயா, உங்கள் காலில் இப்படி ஒரு புண் இருந்தால் பேசாமல் இருப்பீர்களா?" என்று கேட்டேன்.

"அன்றைக்கே ஓடிவந்திருப்பேனே, டாக்டரம்மா!"

சர்க்கரை உள்ளவர்கள் காலில் சிறு கீறல் பட்டாலும் பதறுகிறார்கள். பதறத்தான் வேண்டும். வாய்க்குள் இருக்கும் புண்ணுக்கு மட்டும் அந்தப் பதற்றம் வருவதில்லை.

சுத்தம் செய்யலாம் என்றதும் பெரியவர் பின்வாங்கினார். "கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?" இந்தப் பயத்தைப் பற்றி நான் எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. காரை பல்லோடு இறுகிக் கிடக்கிறது, வீங்கிய ஈறு பல்லிடுக்கை மூடியிருக்கிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வடிந்து, இடுக்கு வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். எலும்பு அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். முறையாகச் சுத்தம் செய்வதால் எனாமலும் தேய்ந்துபோகாது. பல்லை ஆட வைப்பது ஈறு நோய். சுத்தம் செய்வதல்ல. பக்கத்தில் சமையல் செய்துகொண்டே கேட்பவர்களுக்காக இன்னொரு முறை: சுத்தம் செய்வதல்ல.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு? இரண்டு பக்கமும் தொடர்பு இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது, ஈறு ஆறுவதும் தாமதமாகிறது. அழற்சி கொண்ட ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்களோ இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று, நான்கு மாதங்களில் அந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவதாகக் கண்டது. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கான இறக்கம் அல்ல இது. தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் 8.2 என்ற அளவு 7.8 ஆவது கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதுதான். அந்தப் பெரியவருக்கும் அடுத்த பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியது. ஃபைலைத் திறந்து எனக்குக் காட்டியது அந்த அம்மாதான்.

ஆகவே, சர்க்கரைக்கு மருத்துவரைப் பார்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதையும் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் மூன்று செய்திகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புகைபிடிப்பவர்களுக்கு நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடுவதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது. கசியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய்த் தங்கக்கூடும். பல்செட் அணியும் பெரியவர்கள் படுக்கப் போகும் முன் அதைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். வணக்கம்.