எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும்?

வணக்கம் நேயர்களே. சங்க காலத்துப் பாணர் என்றால் அரசவையில் யாழோடு நிற்பவராகத்தான் பலரும் நினைக்கிறோம். எனக்கு அவர்களை நடுவழியில் பார்க்கத்தான் பிடிக்கும். நல்ல வெயில், தோளில் வாத்தியப் பை, பின்னால் பசித்த குடும்பம். எதிரே இன்னொரு கூட்டம் பரிசு வாங்கிக்கொண்டு வருகிறது. 'இன்னாரிடம் போங்கள், இந்த வழியாகப் போங்கள்' என்கிறது. இதுதான் ஆற்றுப்படை. சங்க நூலான பத்துப்பாட்டில், பறை கொட்டிப் பாடும் பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று என்று இப்படி நாலு பாட்டு இருக்கிறது.

சொந்தத் தொழில்காரனுக்கே வள்ளலின் விலாசத்தைக் கொடுக்கிறார்கள், கவனியுங்கள். இன்று கச்சேரி வாய்ப்பை யார் அப்படிக் கை காட்டுவார்கள்? சரி, அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சியில் இருக்கும் இளந்திரையன் என்ற அரசனிடம் போக வழி சொல்கிறார்கள். வழியெல்லாம் சாப்பாடுதான்! இடையர் வீட்டில் பாலோடு தினைச்சோறு. அந்தச் சோறு நண்டுக்குஞ்சு போல இருக்குமாம். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழி வாட்டலும். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், அதில் மிளகும் கறிவேப்பிலையும், தொட்டுக்கொள்ள மாவடு. மாவடு, நேயர்களே! இரண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட ஆகியும் நம் ஜாடியில் அதே வடு. வலைஞர் பக்கம் போனால் சுட்ட மீனும் கள்ளும் உண்டு. யார் வீட்டில் எது கிடைக்கும் என்று நடந்து பார்த்தவனுக்குத்தானே தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன், பாட்டு மட்டும் அவர்கள் சரக்கு இல்லை. பாதையைப் பற்றிய செய்தியும் அவர்களிடம்தான் இருந்தது. மலைபடுகடாத்தைப் பாருங்கள். செங்கம் பக்கத்து நன்னன் என்ற தலைவனிடம் போகிற கூத்தருக்கு எத்தனை எச்சரிக்கை! பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்து நடங்கள். பாறை வழுக்கும். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போங்கள்.

போய்ச் சேர்ந்தால் மரியாதைக்குக் குறைவில்லை. கந்தலும் பேனுமாக வந்த பொருநனுக்குக் கரிகாலன் புத்தாடை கொடுத்தான், பல் மழுங்கும் அளவுக்குக் கறி போட்டான். விடைபெறும்போது வெள்ளைக் குதிரை நாலு பூட்டிய தேரில் ஏற்றினான், ஏழடி பின்னாலும் நடந்தான்.

அப்புறம் பாடினியர், அதாவது பாணர் குலத்துப் பாடகிகளைப் பற்றிச் சொல்ல வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: பாணனுக்குப் பரிசாகப் பொன்னில் செய்த தாமரை என்றால் பாடினிக்கும் பொன்னணி உண்டு. அவளும் அதே வெயிலில்தான் நடந்து வந்தாள். நன்றி, வணக்கம்.