பொலிஸ் கேட்டால் போனைத் திறந்து காட்ட வேண்டுமா?

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் கொலைகாரன் ஒருவனின் ஐபோனைத் திறந்து கொடுக்க அப்பிள் மறுத்துவிட்டதாம். குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்தைப் பார்த்த நமக்கு இது நியாயமாகப் படுமா? இங்கே பொலிஸ் என் போனைக் கேட்டால் நான் என்ன செய்வது?”

தம்பி, மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. முதலில் அந்த ஐபோன் விவகாரம். 2015 டிசம்பர் 2இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கணவனும் மனைவியுமாகச் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். கணவன் பாவித்த ஐபோன் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் கைக்கு வந்தது, கடவு இலக்கம் தெரியாது. பத்துத் தடவை பிழையாக அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடக்கூடும். அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை எழுதிக் கொடுக்கும்படி 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் அப்பிளுக்கு உத்தரவிட்டது. தன் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் இருந்த அந்தப் போனின் பழைய பிரதிகளை அப்பிள் ஏற்கெனவே கொடுத்திருந்தது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது மறுத்தது, புதிதாக ஒரு கள்ளத் திறப்புச் செய்து கொடுப்பதை. இன்று எஃப்.பி.ஐ. கேட்கிறது, நாளை எந்த நாட்டு அரசு கேட்கும்? தீர்ப்பு வரவே இல்லை. மார்ச்சில், வெளியார் உதவியோடு திறந்துவிட்டோம் என்று சொல்லி அரசு தரப்பே வழக்கிலிருந்து விலகிக்கொண்டது.

சீயோனுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பிலுள்ள அந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. தாக்குதல் நடக்கலாம் என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞாயிறு பாடம் முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளை, எவனுடைய பூட்டிய போனும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. தகவல் கையில் இருந்தும் அசையாமல் இருந்தார்களே, அதுதான் என் கோபம்.

பொலிஸுக்குத் தகவலே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காணாமல்போன பிள்ளையைத் தேடும்போது, கடைசி அழைப்பு யாருக்குப் போனது என்று அறியத்தான் வேண்டும். ஆனால் அந்த விபரம் தொலைபேசி நிறுவனத்திடமே இருக்கிறது. நீதவானின் ஆணையோடு அதைப் பெற 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் வழி செய்திருக்கிறது. அவசரம் என்றால் ஆணை இல்லாமலும் நடக்கலாம் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் அரசியலமைப்பிலோ அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையாக எழுதப்படவே இல்லை.

நம்மையும் சொல்ல வேண்டும். திரை மாற்றக் கடைக்குக் கொடுக்கும்போது, கடவு இலக்கத்தைத் துண்டு டேப்பில் எழுதிப் போனின் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிறோம். கடைப் பையன் உள்ளே இருக்கும் நம் படங்களைப் பார்ப்பானா என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

சோதனைச்சாவடியில் கேட்டால் வாய்த்தர்க்கம் வேண்டாம். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள், நீதவானின் ஆணை இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தான் என்று அதுவே வேறொரு வழக்காகலாம். போனைக் கொண்டுபோனால், எடுத்த பொருள், திகதி, நேரம் மூன்றும் உள்ள பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நான் சொன்ன கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் எடுத்தால் அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. பிறகு நேரே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

அடுத்தது களுவாஞ்சிகுடியிலிருந்து, காணி உறுதி பற்றிய கேள்வி.