ஸ்கேல் தெரியும், ஆனா ஜாஸ் மாதிரி கேக்கலையே: எங்கே இடிக்குது?

[திரை: மேலிருந்து கீபோர்டு. பின்னணியில் மூன்று கார்ட் (chord: சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) மாறுகின்றன. வலக்கை சி மேஜர் ஸ்கேலை ஏறி இறங்குகிறது.]

இப்போ கேட்டதுல தப்பான நோட் ஒண்ணுகூட இல்லை. ஆனா ஜாஸ் மாதிரியும் இல்லை. பின்னாடி கார்ட் மூணு தடவை மாறுச்சு, வலக்கை அதைக் கண்டுக்கவே இல்லை.

அந்த மூணும் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். ஜாஸ்ல திரும்பத் திரும்ப வர்ற இந்த வரிசைக்கு "டூ-ஃபைவ்-ஒன்"னு பேர்; சி மேஜர் ஸ்கேல்ல டி ரெண்டாவது, ஜி அஞ்சாவது, சி முதலாவது நோட்.

கர்நாடக சங்கீதம் பழகினவங்களுக்கு இது சுலபமாப் பிடிபடும். சங்கராபரணத்தோட ஸ்வரங்களை ரி-யிலிருந்து தொடங்கினா கரஹரப்ரியா, ப-விலிருந்து தொடங்கினா ஹரிகாம்போஜி. அதே கிரகபேதம்தான். ச-வை சி-ன்னு வச்சா ரி-தான் டி, ப-தான் ஜி. இங்கே அதுக்கு டோரியன், மிக்ஸோலிடியன்னு பேர். அதனால மூணு கார்டுக்கும் வெள்ளைக் கட்டைகளே போதும். சிக்கலும் அங்கேதான். எதைத் தொட்டாலும் பொருந்துதுன்னு, எந்த நோட் எந்த பீட்ல விழணும்னு யோசிக்காம விட்டுடறோம்.

[திரை: இடக்கை மட்டும்.]

முதல்ல இடக்கை. நாலு நோட்டையும் அமுக்க வேண்டாம். கார்டோட குணத்தைச் சொல்றது, அதோட பேர்ல இருக்கிற நோட்டிலிருந்து எண்ணினா வர்ற மூணாவதும் ஏழாவதும்தான். மிடில் சி-ல கட்டைவிரல், அதுக்குக் கீழே இருக்கிற எஃப்-ல சுண்டுவிரல்: இது டி மைனர் செவன். கட்டைவிரல் ஒரு கட்டை இறங்கி பி-க்கு வந்தா ஜி செவன். அடுத்து சுண்டுவிரல் எஃப்-லேருந்து ஈ-க்கு இறங்கினா சி மேஜர் செவன். கார்டுக்கு ஒரு விரல்தான் நகருது.

இதையே ஒரு ஆக்டேவ் கீழே வாசிச்சா ஒலி குழம்பும். பெடலை அமுக்கியே வச்சிருந்தாலும் அதே கதிதான்.

[திரை: நோட்டுகள் பீட் எண்களோடு.]

இப்போ வலக்கை. பீட்டுக்கு ஒரு நோட்.
டி, எஃப், ஏ, சி.
பி, ஏ, ஜி, எஃப்.
ஈ.

முதல் பார் (நாலு பீட் கொண்ட ஒரு சுற்று) முடிவுல இருந்த சி, ரெண்டாவது பார் தொடக்கத்துல பி ஆகுது. அங்கே முடிவுல இருந்த எஃப், அடுத்த பார்ல ஈ ஆகுது. இடக்கை செஞ்ச அதே ரெண்டு இறக்கம்தான். இதைக் கேக்கறப்போ கார்ட் மாறுறது காதுக்கே தெரியும்.

பீட்டுக்கு ரெண்டு நோட் வாசிக்கத் தொடங்கினதும் ஒரு கணக்குப் பிசகு வரும். ஜி செவன் மேல ஜி-லேருந்து ஸ்கேலை இறக்கிப் பாருங்க. பீட் மேல விழறது ஜி, ஈ, சி, ஏ. முதல் ஜி-யைத் தவிர எதுவும் அந்தக் கார்டோட நோட் (ஜி, பி, டி, எஃப்) இல்லை. ஏழு நோட்டை எட்டு இடத்துல நிரப்பப் பாக்கறதால வர்ற கோளாறு இது.

மருந்து ஒரே ஒரு கறுப்புக் கட்டை. ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவுல எஃப் ஷார்ப்பைச் சேருங்க:
ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, டி, சி, பி, ஏ.
இப்போ பீட் மேல ஜி, எஃப், டி, பி. நாலும் கார்டோட நோட்டுகள். விரல் வரிசை 4-3-2-1, மறுபடி 4-3-2-1. கட்டைவிரல் ஈ-லயும் ஏ-லயும் வரும்.

இதுக்கு பீபாப் (ஒரு ஜாஸ் பாணி) ஸ்கேல்னு பேர். 1940-கள்ல நியூயார்க் கலைஞர்கள் பேர் வைக்காமலே வாசிச்ச பழக்கம் இது; பின்னாடி பாடமாக்கிப் பரப்பினவர் இந்தியானா பல்கலைக்கழகத்துல ஜாஸ் கற்றுக்கொடுத்த டேவிட் பேக்கர்.

ஆனா இந்த எஃப் ஷார்ப்பை எல்லா இடத்துலயும் போட்டா மாட்டிக்குவீங்க. பி-லேருந்து தொடங்கினா அடுத்த பார்ல பி-லயே இறங்குவீங்க. அது சி மேஜர் செவனோட ஏழாவது, நல்ல இடம். எஃப்-லேருந்து தொடங்கினா, எட்டு நோட் முடிஞ்சு சி மேஜர் செவன் மேல எஃப்-ல போய் விழுவீங்க. இடக்கை ஈ-யோட அது நேரா உரசும். அந்த ஒரு தடவை எஃப் ஷார்ப்பை விட்டுட்டு எஃப், ஈ, டி, சி, பி, ஏ, ஜி, எஃப்னு இறங்குங்க. அடுத்து ஈ தானா வந்து உட்காரும்.

[திரை: மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி).]

மெட்ரோனோமை 40-ல வைங்க. ஒவ்வொரு தட்டையும் ரெண்டாவது, நாலாவது பீட்டா எடுத்துக்கிட்டா உங்க வேகம் 80. ஜோடி நோட்டுகள்ல முதலாவது நீளம், ரெண்டாவது குட்டை. மெதுவான வேகத்துல ஏறக்குறைய ரெண்டுக்கு ஒண்ணு. வேகம் கூடக்கூட ரெண்டும் சமமாகிட்டே வரும். வேகமா வாசிக்கறப்பவும் நீளத்தை இழுத்துப் பிடிச்சா குதிரைக் குளம்படி மாதிரிதான் கேக்கும்.

12 ஸ்கேலையும் ஒரே வாரத்துல தொட வேண்டாம். அடுத்தது எஃப் மேஜர்: ஜி மைனர் செவன், சி செவன், எஃப் மேஜர் செவன். அங்கே சேர்க்க வேண்டிய நோட், சி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவுல இருக்கிற பி. அது முடிஞ்சதும் பி ஃபிளாட்.

சோதிக்கணும்னா இடக்கையை எடுத்துட்டு வலக்கையை மட்டும் போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. கார்ட் மாறுற இடம் தெரியலையா? சி மேஜர் வரிசையா இருந்தா ரெண்டாவது பாரோட முதல் பீட்ல பி-யையும், மூணாவது பாரோட முதல் பீட்ல ஈ-யையும் வச்சுட்டு, நடுவுல இருக்கறதை மட்டும் மாத்தி வாசிங்க.