ஜாமீன் கையெழுத்தும் மாமன் மடியும்

நேயர்களுக்கு வணக்கம். தொல்லை தரும் உறவினரிடம் எப்படி அளவோடு பழகுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் மனநல மருத்துவன் அல்லன். கடலூரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு குடும்பத்தின் உள்விவகாரம், ஜாமீன் போட வருகிறவரின் முகத்திலேயே தெரிந்துவிடும். கடன் வாங்குபவர் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருப்பார். அவர் அழைத்து வந்த மைத்துனரோ சித்தப்பாவோ பேனா மூடியைத் திருகியபடி, “சும்மா பேருக்குத்தானே சார்?” என்று கேட்பார்.

சும்மா இல்லை ஐயா. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் கணக்கும், அதாவது கடனைத் திருப்பிக் கட்டுவதில் உங்களுக்குள்ள நம்பகத்தைக் காட்டும் பதிவும், கெடும். நாளை உங்கள் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும். இந்தப் பேச்சை நான் எடுத்தாலே என் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை அணைத்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆசிரியை. தம்பிக்கு ஜாமீன் போட்டுவிட்டு, அவன் கட்டாத தவணையைத் தன் சம்பளத்திலிருந்து கட்டி முடித்தவர். அந்தத் தம்பி, வேன் வாங்க வேண்டும் என்று மறுபடியும் வந்தான். வந்த நேரத்தைப் பாருங்கள்: அக்கா மகளுக்குத் திருவந்திபுரத்தில் காதுகுத்து, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. “கையெழுத்துப் போடாவிட்டால் நான் வர மாட்டேன். பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பீர்கள் என்று பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டான். பெற்ற தாயும் அவன் பக்கம். “கூடப்பிறந்தவன் கேட்கிறான், ஒரு கையெழுத்தில் என்னடி தேய்ந்துவிடப் போகிறது?”

அந்த அம்மாள் பழைய கணக்கைக் கிளறவில்லை. “மாமன் மடி உன்னுடையதுதான், வேறு யாருக்கும் தர மாட்டேன். கையெழுத்து மட்டும் கிடையாது.” அவ்வளவுதான். அவன் போனில் கேட்டபோதும் இதையே சொன்னார். பெரியப்பாவைத் தூது அனுப்பியபோதும் இதையே சொன்னார். புதிதாக ஒரு காரணம்கூடச் சேர்க்கவில்லை. காரணம் சொன்னால் எதிராளி அதற்குப் பதில் வைத்திருப்பான். “வீட்டுக் கடன் இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், அது முடிந்த மறுநாளே வாசலில் வந்து நிற்பான்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். தம்பி தாமதமாக வந்தான், முகம் உர்ரென்று இருந்தது. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டு, மாமனின் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டது. அன்று அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நம் குடும்பங்களில் ஒன்று, கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் சாவுக்குக்கூடப் போவதில்லை என்று முறித்துக்கொள்கிறோம். ஆளை வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் விலக்கலாமே என்கிறேன். ஆளை விலக்கவில்லை, விஷயத்தைத்தான். அதையும் பத்திரமும் பேனாவும் மேசைக்கு வந்த பிறகு சொல்லக் கூடாது. பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருக்கும்போதே, “நான் யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை” என்று பொதுவாகச் சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு யாரும் தன்னை மட்டும் ஒதுக்கியதாகக் குறைசொல்ல முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். அடி உதை இருக்கும் வீட்டில் இந்த அளவெல்லாம் பார்க்காதீர்கள், ஆளையே விலக்குங்கள். பெண்கள் 181க்கு அழைக்கலாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் இருக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் பொருந்தும். வசவும், பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் வன்முறைதான். பெரியவர்களே, வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதானால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், பிள்ளை கைவிடும்போது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்துச் செய்யக் கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மாமியார், மருமகள் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். அதற்கு நேரமில்லை. வணக்கம்.