மனுவும் சபையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் பெரிய கூட்டம் இருக்கும். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர்கள், ஜெராக்ஸ் கடையில் வரிசை, மரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்கள் வரத்தான் வேண்டும். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பலர் கையில் இருக்கிற மனு வேறு மாதிரி. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. இதைச் சொல்வதற்காக இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் அவர்களுடைய சொந்த ஊராட்சி செய்ய வேண்டிய வேலைகள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் விளக்கு, தண்ணீர், வடிகால், ஊர்ச் சாலை, சுடுகாடு எல்லாவற்றையும் ஊராட்சியின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது. ஆட்சியரிடம் கொடுத்த மனுவும் ஒன்றிய அலுவலகம் வழியாகக் கடைசியில் அதே ஊராட்சிக்குத்தான் வந்து சேரும். அப்படியிருந்தும் நம் மக்களுக்கு உள்ளூரில் கூடும் கிராம சபையில் எழுந்து கேட்பதைவிட, தொலைவில் இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுப்பது சுலபமாகத் தெரிகிறது. இப்போது 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் புகார் பதிவாகிவிடுகிறது. அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டே இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே குறை இருக்கிறது என்பதுகூட நமக்குத் தெரியாமல் போய்விடும். அதைத்தான் இன்று பேச நினைத்தேன்.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது அதில்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், யாரும் நியமிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்த சபைக்கு, 2022இல் மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. ஆண்டுக்கு ஆறு தடவை. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசித்தாக வேண்டும். வீடு கட்டும் திட்டத்துக்குப் பயனாளிகள் யார் என்பதும் அங்கே வந்தாக வேண்டும்.

சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரில் நடந்த சபையைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பின்னால் சுவரில் சாய்ந்தபடி ஆண்கள் சிலர், வாசலில் பைக்கை விட்டு இறங்காமல் இரண்டு இளைஞர்கள். ஊராட்சிச் செயலர் பொருள் பட்டியலை வேகமாக வாசித்துக்கொண்டு போனார். குடிநீர் என்று வந்ததும் ஒரு வயதான அம்மா எழுந்தார். காலனியில் கடைசித் தெரு அவருடையது.

"மேலத்தெருவுல தொட்டி நெறஞ்சு வழியுது. எங்க தெருவுல குடத்துக்கு அடி நனைய மாட்டேங்குது" என்றார்.

"ஆத்தா, டேங்க்ல தண்ணி ஏத்தித் தெறந்துதான் விடுறோம்" என்றார் செயலர்.

"தெறக்கலன்னு சொல்லல அப்பு. யாருக்கு மொதல்ல தெறக்குறீகன்னுதான் கேக்குறேன்."

கூடம் அமைதியாகிவிட்டது. அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பிரதானக் குழாயில் முதலில் இருப்பது பெரிய தெருக்கள். அங்கே பல வீடுகளில் குழாயோடு மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். கடைசியில் இருக்கும் காலனிக்கு மிச்சம்தான் வரும். ஜல் ஜீவன் திட்டத்தில் அந்தத் தெருவிலும் வீட்டுக்கு வீடு குழாய் போட்டாகிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. ஏட்டில் அந்தத் தெருவில் குறையே இல்லை.

அன்று யாரும் யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. அரை மணி நேரம் பேச்சு ஓடியது. டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட் வால்வைத் தனியாகத் திருப்பினால் காலனிக்கு முதலில் விடலாம், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக மோட்டார் போட்டால் போதும் என்று அவரே சொன்னார். அது தீர்மானமாக எழுதப்பட்டது. செலவு ஒரு பைசா இல்லை. இதே அம்மா ஒரு திங்கட்கிழமை மனு கொடுத்திருந்தால், "குடிநீர் முறையாக வழங்கப்பட்டு வருகிறது" என்று பதில் கடிதம் வந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம். அத்தனை பேர் முன்னால் கேட்டதால்தான் வால்வு பற்றிய பேச்சே வெளியே வந்தது.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேராவது வர வேண்டும் என்பது விதி. ஆள் சேராத ஊர்களில் தீர்மான நோட்டு நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கே போய்விடுகிறது. வெயிலில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரிசையாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார்கள். மேலே பக்கம் வெறுமையாக இருக்கும், பிறகு எழுதிக்கொள்வார்கள். வைக்கிறவர்களுக்கு அது வேலைக்கு வந்த வருகைப் பதிவு மாதிரிதான் தெரிகிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. அந்த ஊர் வாய்திறந்து சொல்லாத ஒன்றை, சொன்னதாக எழுதிக்கொள்ளும் வேலை அது.

ஏன் ஆள் சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நகரவாசிகள். கிராமத்தில் பெயர் இருப்பவர்களிலும் பலர் திருப்பூரில், கோயம்புத்தூரில், சென்னையில். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வீட்டுப் பூட்டு திறக்கிறது. ஊரில் இருக்கும் இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் குப்பைத்தொட்டியைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை. ஆக, இன்று கிராம சபையைத் தாங்கிக்கொண்டிருப்பது பெண்கள்தான். ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016இல் சட்டமானது. தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, கணவர் உட்கார்ந்து பதில் சொல்லும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தலைவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சை நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது.

தீர்மானம் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைச் சொல்லலாம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. தீபாவளிக்காகத் தள்ளிவைக்கப்பட்ட உள்ளாட்சி தினக் கிராம சபை நவம்பர் 23ஆம் தேதி கூடியபோது, அங்கே எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். அப்புறம் ஊர் ஊராகக் கூடினார்கள், மதுரைக்கு நடந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் சம்மதிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று தொடக்கத்திலேயே இருந்தது.

ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக, அதற்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்தின் கிராம சபை 2022 முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது. அங்கே திட்டம் நிற்கவில்லை. கிராம சபை சொன்னதை அரசு கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான விஷயங்களில் சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குறைந்தபட்சம், தீர்மானத்தை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்லும் கடமையாவது அதிகாரிகளுக்கு வேண்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243E பிரிவு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தன் ஒன்றியத்தில் இருக்கும் அத்தனை ஊராட்சிக்கும் பொறுப்பு என்றால், ராத்திரி மோட்டார் எரிந்துபோனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? தலைவர் என்று ஒருவர் இருந்தால் டீக்கடையில் வைத்தாவது பிடித்துவிடலாம். கட்சி எதுவாக இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதை மக்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

தேர்தல் நடக்காத காலத்திலும் கிராம சபை உண்டு. அப்போதுதான் அது இன்னும் அவசியம், ஏனென்றால் நாம் தேர்ந்தெடுத்தவர் என்று கேள்வி கேட்க வேறு ஆளே கிடையாது. அடுத்த சபைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். வரவு செலவு விவரம் அடங்கிய படிவம் 30ஐக் கேட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானங்களை நோட்டில் எழுதி வாசிக்கச் சொல்லிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் தீர்மான நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வெளியூரில் இருக்கும் நேயர்கள், உங்கள் ஊர் சபையில் என்ன பேசினார்கள் என்று அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.