நெஞ்சுக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்?

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் முழுதாக எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். நன்றி என்பது நெஞ்சில் இருக்க வேண்டியது, வாயால் சொல்லத் தொடங்கினால் மலிந்துவிடும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். கடைசியில் என்ன சொல்லி முடித்தார், கவனித்தீர்களா? "வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி கூறி அமர்கிறேன்." ஐயா, அதையும் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கலாமே!

நன்றியைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, உள்ளத்தில் உணர்ந்தால் போதுமா என்பது தலைப்பு. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். போகிக்கு இன்னும் பத்து நாள்தான். வீட்டில் ஒட்டடை அடிப்பதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதையும் அவை குறித்துக்கொள்ளட்டும்.

எதிரணி முதலில் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தது. அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. 'கூறுதல்' என்று அவர் வைக்கவில்லையே என்றார்கள். போதாக்குறைக்கு, குறளில் நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கும், நாம் பதிலுக்குச் சொல்லும் சொல்லை அன்று என்று பாடமும் நடத்தினார்கள். பாடம் சரிதான். ஆனால் ஒரு பக்கம் பின்னால் புரட்டியிருக்கலாம். செய்ந்நன்றி அறிதல் 11-ஆம் அதிகாரம். 10-ஆம் அதிகாரம் எது? இனியவை கூறல். முதலில் வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் நன்றிக்கே வருகிறார் வள்ளுவர். 12-ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அது நடுவர் அவர்கள் பாடு, நான் தலையிடவில்லை.

தினையளவு உதவியையும் பயன் தெரிந்தவர்கள் பனையளவாகக் கொள்வார்கள் என்கிறது அதே அதிகாரம். ஒரு பனைமரமே நெஞ்சுக்குள் நிற்கிறது என்றால், வெளியே ஓர் ஓலையாவது ஆட வேண்டாமா?

அடுத்து, நன்றி சொல்வது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம், தமிழர்கள் சொன்னதில்லை என்றார் இரண்டாவதாகப் பேசியவர். அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியை அவ்வையாருக்குக் கொடுத்த கதை இந்த அரங்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எப்படித் தெரியும்? அவ்வையார் பாடிவைத்தார், அதனால் தெரியும். புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்த, சிறிய இலைகளைக் கொண்ட நெல்லியின் கனி. அதன் அருமையை உனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி எனக்குத் தந்தாயே என்கிறார். இதில் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. உள்ளே அடக்கிக்கொண்டது யார்? கொடுத்தவன். பாடியது யார்? வாங்கியவர். கொடுத்தவர் மறைத்தால் அது பெருந்தன்மை. வாங்கியவர் மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எதிரணியே சொல்லட்டும்.

பத்துப்பாட்டில் 5 பாட்டு ஆற்றுப்படை வகை. பரிசு பெற்றுத் திரும்புகிறவர், எதிரே வாடிய முகத்தோடு வருகிறவரை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார், எனக்குத் தந்தார், உனக்கும் தருவார் என்று கைகாட்டி விடுவதுதான் ஆற்றுப்படை. வாங்கியதை நடுவழியில் நின்று ஊரறியச் சொல்லி, அந்தச் சொல்லாலேயே இன்னொரு பசிக்கும் வழி செய்தவர்கள் நம் பாணர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தண்ணீர்ச் செம்பை நீட்டினால், குடித்துவிட்டு "மகராசனாய் இரு" என்று சொல்லாத பாட்டி உண்டா? 'நன்றி' என்ற அந்த மூன்று எழுத்து வேண்டுமானால் அவர்கள் வாயில் வந்ததில்லை. சும்மா செம்பைத் திருப்பிக் கொடுத்ததும் இல்லை.

சொல்லுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது, ஆள்தான் மாறிப்போய்விட்டது. தை இரண்டாம் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று தெருவே அதிரச் சொல்கிறோம். மாட்டுக்கு நம் உள்ளம் தெரியாதா, எதற்கு இத்தனை சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையைத் துலக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். முப்பது வருடமாக அந்த அரிவாள்மணையில் உட்கார்ந்து நமக்காகக் காய் நறுக்குகிறவரிடம் வந்தால் மட்டும், "அவளுக்குத் தெரியாதா என்ன?" என்கிறோம். தெரியாது ஐயா. நான் அந்த மணையில் உட்கார்ந்தவள், சொல்கிறேன், தெரியாது. குழம்பில் உப்புக் குறைந்த அன்று மட்டும் வாய் திறக்கிற வீட்டில், மற்ற நாளெல்லாம் குழம்பு நன்றாக இருந்தது என்று நாங்களாக ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பில்லின் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்துத் தருகிறார்களே, அந்த நன்றிக்காக நான் இங்கே வாதாட வரவில்லை. எதற்கு நன்றி, யாருக்கு நன்றி என்று அதற்கே தெரியாது. மலைப்பிளவையும் சிற்றிலையையும் சொன்ன அவ்வையாரைப் போல, இன்னது செய்தீர்கள் என்று பொருளைச் சொல்லிச் சொல்வதுதான் நான் கேட்கிற நன்றி.

கடைசியாக, சொல்வானேன், செய்தால் போதாதா என்று மொய் நோட்டைக் காட்டினார்கள். அது நல்ல கேள்வி. ஆனால் மொய் நோட்டில் இருப்பது கணக்கு. 101 எழுதியவர் வீட்டு விசேஷத்தில் நாம் 201 எழுதுவோம், சரியாகிவிடும். நோட்டில் ஏறாதவர்களை என்ன செய்வது?

2001 வைகாசியில் என் அக்காவுக்குத் திருமணம். முதல்நாள் இரவு சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க ஆள் போதவில்லை. எதிர்வீட்டு அத்தை வந்தார். வெங்காயத்தை அண்டாத் தண்ணீரில் கொட்டி ஊறவைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தவர், கோழி கூவும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை நான் தண்ணீர் கொண்டுபோனபோது முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் செம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் அவர் பந்தலுக்கு வரவில்லை. மொய் எழுதக் கையில் பணம் இருந்திருக்காது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. எழுதாததால் நோட்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால், அவர் மகன் திருமணத்தின்போது எங்கள் வீட்டில் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர்கள் நமக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்றார்கள். செய்தால் போதும் என்கிறீர்களே, அன்று எங்களைச் செய்யவிடாமல் தடுத்ததே அந்த நோட்டுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அரை நிமிடம் கொடுங்கள்.

போன காணும் பொங்கலன்று அந்த அத்தையைப் பார்க்கப் போனேன். மழையைப் பற்றிப் பேசினேன், பேரனின் படிப்பைப் பற்றிப் பேசினேன். ஊர் ஊராகப் பட்டிமன்றம் பேசுகிற நாக்கு, சொல்ல வந்ததை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. எழுந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் வந்தது: "அக்கா கல்யாணத்தன்று விடிய விடிய உட்கார்ந்து ஐந்து கிலோ வெங்காயம் உரித்தீர்களே அத்தை, அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொம்ப நன்றி அத்தை."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ஐந்தா?" என்றார் அத்தை. "எட்டு கிலோ."